திருவாலங்காட்டுக்கு எத்தனை பிட் வேண்டும்?

இன்றைக்கு வீட்டுக்குள் பாட்டு வருவது எண்களாகத்தான். போனில் வந்தாலும் டிவியில் வந்தாலும், உள்ளே ஓடுவது எண்களின் நீண்ட வரிசை. அந்த எண்களை ஒலியாக்கித் தர ஆயிரம் ரூபாய் அளவில் சுண்டுவிரல் நீள ஒயர் ஒன்று கிடைக்கிறது. அதே வேலைக்கு லட்ச ரூபாயில் அலுமினியப் பெட்டியும் கிடைக்கிறது. ஒயருக்குள் போகிற ஐந்தும் ஐந்துதான், பெட்டிக்குள் போகிற ஐந்தும் ஐந்துதான். பிறகு எதற்கு இந்த விலை வித்தியாசம்? லட்ச ரூபாய் ஐந்து கொஞ்சம் இனிமையாக இருக்குமோ?

நல்ல ஸ்பீக்கராகப் பார்த்து வாங்கியவர்கள் எல்லாருக்கும் அடுத்து வரும் சந்தேகம் இதுதான். பதிலைக் கணக்காகப் போட்டுப் பார்க்க நமக்கு ஓர் ஊர் வேண்டும். எவ்வளவு தரம் போதும் என்பதைக் கேட்கிற இடத்தின் அமைதிதான் முடிவு செய்கிறது. ஆகவே திருவாலங்காட்டுக்குப் போவோம். திருத்தணிக்குப் பக்கத்தில், சென்னை–அரக்கோணம் ரயில் பாதையை ஒட்டிய ஊர். நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை இங்கேதான் இருக்கிறது. இசைக்கும் இந்த ஊருக்கும் உறவு பழையது. காரைக்கால் அம்மையார் இந்த ஊர் மேல் பாடிய மூத்த திருப்பதிகத்தில் ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களைச் சொல்லி, கூடவே வீணை, மத்தளம், தமருகம், குடமுழா என்று கருவிகளையும் அடுக்கியிருக்கிறார். அந்தப் பட்டியலுக்குப் பின்னால் வேலை இருக்கிறது.

பெட்டிக்குள் நடக்கும் இரண்டு வேலைகள்

ஸ்ட்ரீமர் என்பது எண்களை வாங்கிக்கொண்டு வரும் பெட்டி. இணையத்திலிருந்தோ வீட்டில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தோ எடுத்து, வரிசை பிசகாமல் கொடுக்கும். அந்த எண்களை மின் அலையாக மாற்றுவது இன்னொரு சில்லு. கடையில் அதை ‘டேக்’ என்பார்கள். இந்த அத்தியாயத்தில் ஒலிமாற்றி என்றே சொல்வோம். பல ஸ்ட்ரீமர்களுக்குள் ஒலிமாற்றியும் சேர்ந்தே இருக்கும். அதைத் தாண்டினால் ஆம்ப்ளிஃபையர், பிறகு ஸ்பீக்கர்.

முதல் வேலையில் ‘இனிமை’க்கு இடமே கிடையாது. பாட்டு சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்தோடும் சரிபார்ப்பு எண் ஒன்று ஒட்டியிருக்கும். கணக்கு ஒத்துப்போகாவிட்டால், “இது கெட்டுப்போச்சு, திரும்ப அனுப்பு” என்று பெட்டி கேட்டு வாங்கிக்கொள்ளும். யூபிஐயில் நாம் அனுப்பும் பணமும் இந்த ஏற்பாட்டை நம்பித்தான் போகிறது. வைஃபை மோசமாக இருந்தால் பாட்டு நின்று நின்று வரும். வீணையின் நாதம் மட்டும் மெலிந்துபோகாது. சில செயலிகள் வேகம் குறைந்ததும் தாமாகவே தரத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது உண்மை. அதைச் செட்டிங்கில் நிறுத்திவிடலாம். இதையெல்லாம் மீறி, விலை உயர்ந்த லேன் கேபிள் போட்டால் மேல் சுரங்கள் மின்னும் என்று யாராவது சொன்னால், புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ப்ளூடூத் வேறு கதை. பெரும்பாலும் அது பாட்டை இன்னொரு முறை சுருக்கித்தான் அனுப்பும். சுருக்கும்போது சில ஒலிகள் போய்விடும். சீடியில் இருக்கும் பாட்டு நொடிக்கு 14,11,200 பிட். ஜியோசாவன் தரும் உச்சத் தரம் நொடிக்கு 3,20,000 பிட். காதில் விழாது என்று கணித்த ஒலிகளைக் கழித்துவிட்டுத்தான் அவ்வளவு சிறிதாக்குகிறார்கள். ஃப்ளாக் போன்ற இழப்பில்லாச் சுருக்கத்தில் எதுவும் கழிவதில்லை, பிரித்தால் பழைய எண்களே திரும்பக் கிடைக்கும். ஆப்பிள் மியூசிக் 2021-லிருந்தே இழப்பில்லாத் தரம் தருகிறது. 2025-ல் ஸ்பாட்டிஃபையும் அந்த வழிக்கு வந்தது.

புள்ளிகளுக்கு நடுவே என்ன இருக்கிறது?

ஒலி தொடர்ச்சியானது, எண்கள் துண்டு துண்டானவை. சீடி முறையில் நொடிக்கு 44,100 தடவை ஒலி அலையின் உயரத்தை அளந்து குறித்துக்கொள்கிறார்கள். இப்படிக் குறித்த ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. இரண்டு மாதிரிகளுக்கு நடுவில் நடந்தது தொலைந்துபோய்விடாதா? விளம்பரங்களில் படிக்கட்டு போல ஓர் அலையை வரைந்து, “சாதாரண ஒலிமாற்றி இப்படி, எங்களுடையது வழவழப்பாக” என்று காட்டுவது இந்தப் பயத்தை நம்பித்தான்.

மார்கழியில் வாசலில் வைக்கும் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். வெறும் புள்ளிகள் என்றால் அவற்றின் மேல் எத்தனையோ கோலம் போடலாம். “கோடு இந்த அளவுக்கு மேல் வேகமாக வளையக்கூடாது” என்று ஒரே ஒரு கட்டுப்பாடு போட்டுவிட்டால், எல்லாப் புள்ளிகளையும் தொட்டுச் செல்லும் கோடு ஒன்றே ஒன்றுதான். ஒலியில் அந்தக் கட்டுப்பாடு என்னவென்றால், மாதிரி எடுக்கும் வேகத்தில் பாதியை எட்டும் அதிர்வுகள் இருக்கக்கூடாது. 1928-ல் ஹாரி நைக்விஸ்ட் இதற்கு அடித்தளம் போட்டார். 1949-ல் கிளாட் ஷானன் நிரூபணத்தோடு எழுதினார். ஒலிமாற்றி செய்வது அந்த ஒரே கோட்டை வரைவது. வெளியே வரும் மின் அலையில் படிக்கட்டு இருக்காது. நடுவில் நடந்ததும் தொலையவில்லை, புள்ளிகளுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

44,100-ல் பாதி 22,050. மனிதக் காதின் எல்லை, அதுவும் குழந்தைக் காதின் எல்லை, சுமார் 20,000 அதிர்வு. நாற்பது தாண்டியவர்களுக்குப் பதினாலு, பதினைந்தாயிரத்துக்கு மேல் கேட்டாலே அதிசயம்.

தம்புராவை வைத்துச் சோதிக்கலாம். குதிரையின் மேல் ஜீவா நூலைச் செருகி நகர்த்தி, தந்தி மெல்ல உரசும் இடத்தில் நிறுத்தியதும் ‘ரீங்’ என்று விரியுமே, அதில் எண்ணற்ற மேற்சுரங்கள் இருக்கின்றன. தம்புரா, வீணை ஆகியவற்றின் இந்த விசித்திரத்தை சி.வி. ராமன் 1921-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஐந்து கட்டையில் சுருதி சேர்த்தால் சாரணித் தந்தி நொடிக்குச் சுமார் 196 முறை அதிரும். அதன் நூறு மடங்கு எடுத்தாலும் 19,600-தான். சீடியின் எல்லைக்குள் அடக்கம்.

(44,100 என்ற இந்த வினோத எண் எங்கிருந்து வந்தது? தொடக்கத்தில் எண்ணாக்கிய ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். படத்தின் ஒவ்வொரு வரியிலும் மூன்று மாதிரி. 50 சுழற்சி டிவிக்கு 294 வரி, 60 சுழற்சி டிவிக்கு 245 வரி. எந்தப் பக்கம் பெருக்கினாலும் 44,100 வரும். 1982-ல் சோனியும் ஃபிலிப்ஸும் சீடியைக் கொண்டுவந்தபோது அந்த எண்ணும் கூடவே வந்துவிட்டது.)

மார்கழி விடியற்காலை, நாலரை மணி

இப்போது பிட். ஒவ்வொரு மாதிரியின் உயரத்தையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறோம் என்பதுதான் பிட் கணக்கு. 16 பிட் என்றால் 65,536 படிகள். 24 பிட் என்றால் 1,67,77,216 படிகள். எண்ணைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கும், விளம்பரக்காரர்கள் விரும்புவதும் அதைத்தான். படிகளுக்கு நடுவில் விழும் உயரத்தைப் பக்கத்துப் படிக்கு ஒதுக்கும்போது சிறு பிழை வரும். அந்தப் பிழை மெல்லிய ‘ஸ்ஸ்’ இரைச்சலாகக் கேட்கும். ஒரு பிட் கூடினால் இரைச்சல் 6 டெசிபல் இறங்கும். டெசிபல் என்பது சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு. 10 கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகத் தோன்றும். ஆக, 16 பிட்டில் உச்சச் சத்தத்துக்கும் அடியில் கிடக்கும் இரைச்சலுக்கும் இடைவெளி 96 டெசிபல்.

திருவாலங்காட்டில் ஒரு வீட்டுக் கூடம். மார்கழி மாதம், விடியற்காலை நாலரை மணி. குளிருக்கு ஃபேன் ஓடவில்லை, ரயிலும் இல்லை. இத்தனை அமைதியான அறையிலும் 30 டெசிபல் சத்தம் இருக்கும்: எங்கோ ஃபிரிட்ஜ், தெருவில் ஒரு நாய், காற்று. பாட்டைத் தாராளமாகவே, உச்சத்தில் 95 டெசிபல் தொடும்படி வைக்கிறோம். பக்கத்து வீட்டார் எழுந்துகொள்வார்கள், பரவாயில்லை. 95-லிருந்து 30 போனால் 65. ஒரு பிட்டுக்கு 6 வீதம் வகுத்தால் 11 பிட்.

இந்தக் கூடத்துக்குத் தேவை 11 பிட்தான்! ஆனால் காது சாமர்த்தியமானது. அறையின் இரைச்சலுக்குக் கீழே மறைந்திருக்கும் மெல்லிய சுரத்தையும் கொஞ்சம் தோண்டி எடுத்துவிடும். அதற்காக இன்னொரு 15 டெசிபல் தாராளமாக ஒதுக்குவோம். மொத்தம் 80 டெசிபல், 14 பிட்டுக்குள் அடங்கிவிடுகிறது. சீடியின் 16 பிட்டில் இன்னும் இரண்டு மிச்சம். சித்திரை மாதம் ஃபேன் முழு வேகத்தில் ஓடினால் அறைச் சத்தம் 45-க்கு ஏறும். அப்போது மேற்படி ஒதுக்கீட்டையும் சேர்த்தால்கூட 11 பிட் போதும்.

கூடத்தில் ஒலிக்கப்போவது எது? திருப்பதி பக்கத்தில் இருக்கிறது, விடியற்காலை வேறு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம். எச்.எம்.வி. 1963-ல் இசைத்தட்டாக வெளியிட்டது. அந்தக் காலத்து ஸ்டூடியோ காந்த நாடாவில் பாட்டுக்கும் நாடாவின் இரைச்சலுக்கும் இடைவெளி 60-லிருந்து 70 டெசிபல் வரைதான். பதினொன்று, பன்னிரண்டு பிட்டில் முடிந்துபோகிற சமாச்சாரம். இதையே 24 பிட்டில் மாற்றி ‘ஹைரெஸ்’ என்று கொடுத்தால், கூடுதலாகக் கிடைப்பது 1963-ன் நாடா இரைச்சலின் மிக மிகத் துல்லியமான பிரதி. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி போன்ற 78 சுழற்சித் தட்டுகளுக்கு இடைவெளி இதைவிடவும் குறைவு, ஏழெட்டு பிட் பெறுமானம். அந்தத் தோடிக்கு அது ஒரு குறையா என்ன!

24 பிட் வீண் என்று சொல்லவில்லை. பதிவு செய்யும் இடத்தில் அதற்கு மதிப்பு அதிகம். தவில் எந்த நொடியில் எகிறும் என்று முன்கூட்டித் தெரியாத ஒலிப்பதிவாளருக்கு அந்த மிச்ச இடம் உயிர்நாடி. கேட்கிறவருக்கு அந்தத் தேவை கிடையாது. 24 பிட்டின் 144 டெசிபல் இடைவெளியை நம் கூடத்தின் 30-க்கு மேல் அப்படியே நிறுத்தினால் 174 வரும். 120, 130-லேயே காது வலிக்கத் தொடங்கிவிடும். அந்த 144-ஐத் தரும் ஒலிமாற்றியும் உலகத்தில் இல்லை. சுற்றில் இருக்கும் மின்தடைகளின் வெப்ப இரைச்சலே வழிமறிப்பதால் மிகச் சிறந்தவையும் 21 பிட் வாக்கில் நின்றுவிடுகின்றன.

காதை மூடாமல், கண்ணை மூடி

கணக்கு இருக்கட்டும், கேட்டுப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? 2007-ல் பிராட் மேயர், டேவிட் மோரன் இருவரும் அமெரிக்காவில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவு ஒன்றை நேராக ஒருமுறை, நடுவில் 16 பிட், 44,100 என்ற சீடி வாய்க்கால் வழியாக ஒருமுறை ஓடவிட்டு, எது எது என்று தெரியாமல் கேட்பவர்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. காசு சுண்டிப் போட்டாலும் இதேதான் வரும்.

பிறகு 2016-ல் லண்டனில் ஜோஷுவா ரைஸ் இப்படிப்பட்ட பல சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது 52.3 சதவீதம் சரி என்று வந்தது. புள்ளியியல் கண்ணுக்கு அது பூஜ்யம் இல்லை. லட்ச ரூபாய்க்கு அது நியாயமா என்பது அவரவர் பர்ஸைப் பொறுத்தது; என் பர்ஸ் ஒத்துக்கொள்ளாது.

கடையில் வித்தியாசம் பளிச்சென்று கேட்டதே என்பீர்கள். கேட்டிருக்கும். இரண்டு பெட்டிகளில் ஒன்று அரை டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே போதும். காதுக்கு அது ‘சத்தம் அதிகம்’ என்று தோன்றாது, ‘தெளிவு அதிகம்’ என்று தோன்றும். ஒப்பிட வேண்டுமானால் ஒரே சுரத்தை இரண்டிலும் ஒலிக்கவிட்டு, போனில் ஒலியளவு காட்டும் செயலியால் சமன் செய்துகொண்டு, எந்தப் பெட்டி ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் இன்னொருவரை மாற்றச் சொல்லுங்கள்.

குடமுழாவுக்குக் கேள்வி

அம்மையாரின் பட்டியலை இப்போது எடுப்போம். வீணைத் தந்தியின் மேல் நுனியிலிருந்து குடமுழாவின் அடிவயிற்று அதிர்வு வரை அதில் எல்லாம் இருக்கிறது. ஓரளவு ஒழுங்கான ஒலிமாற்றி, இந்த முழு நீளத்திலும் அரைக்கால் டெசிபலுக்கு மேல் தவறாது. ஸ்பீக்கரில் 3 டெசிபல் மேலே கீழே போவது நல்ல ரகத்திலேயே சகஜம். சிறிய ஸ்பீக்கராக இருந்தால் குடமுழாவின் பாதி வந்து சேராது. கூடமோ இன்னும் மோசம்: கிரானைட் தரை, சிமென்ட் சுவர், வெறும் கூரை. கீழ்ச் சுரங்களில் ஒரு மூலையில் 10 டெசிபல் எழும்பும், இரண்டடி நகர்ந்து உட்கார்ந்தால் காணாமல் போகும்.

ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒன்றிரண்டு அடி முன்னால் இழுத்துவிட்டு, தரையில் கனமான ஜமுக்காளம் விரித்து, எதிர்ச் சுவரில் புத்தக அலமாரி வைத்தால் கிடைக்கும் மாற்றத்தை எந்த ஒலிமாற்றியாலும் தர முடியாது. செலவழிக்கிற பணம் ஸ்பீக்கருக்குப் போகட்டும்.

ஒலிமாற்றியை மாற்றியே தீர வேண்டிய இடங்களும் இருக்கின்றன. லேப்டாப்பின் இயர்போன் துளையில் மவுஸை நகர்த்தினால் ‘கிர்கிர்’ என்று கேட்கும். உள்ளே இருக்கும் மற்ற சுற்றுகளின் இரைச்சல் அது. அதற்கு ஆப்பிள் விற்கும் யூஎஸ்பி-சி ஒயரே பெரிய மருந்து. அதற்குள் இருக்கும் நுண்ணிய ஒலிமாற்றி, சீடியின் எல்லையைத் தொடும் அளவுக்குச் சுத்தம். ஆண்ட்ராய்டு போன்களில் மட்டும் சத்தம் குறைவாக வருவதுண்டு.

‘உம்ம்’ என்ற ஓசை

விலை உயர்ந்த பெட்டி வாங்கி மாட்டியதும் ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று ஒரு முனகல். நம் வீடுகளில் பாட்டைக் கெடுப்பதில் பிட்டுக்குப் பங்கில்லை, இதற்குத்தான் பங்கு. நமது மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. முனகலும் அந்த 50-லும் அதன் மடங்குகளிலும்தான் ஒலிக்கும்.

ஆம்ப்ளிஃபையர் மூன்று பின் பிளக் வழியாகத் தரையோடு இணைந்திருக்கிறது. டிவிக்கு வரும் கேபிளின் வெளி உறை, தெருவில் எங்கோ வேறோர் இடத்தில் தரையைத் தொடுகிறது. டிவியையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒயரால் இணைத்தவுடன் தரைக்கு இரண்டு வழிகள் உண்டாகி ஒரு வளையம் மூடிக்கொள்கிறது. அதில் சிறு மின்னோட்டம் பாட்டு ஒயரின் உறை வழியாகச் சுற்றும். ஆம்ப்ளிஃபையர் அதையும் பாட்டு என்று நினைத்துப் பெருக்கிவிடும். எர்த் சரியில்லாத வீட்டில் லேப்டாப் சார்ஜ் ஆகும்போது அதன் உலோக உடம்பைத் தடவினால் விரலில் சுருசுரு என்று இருக்குமே, சார்ஜரிலிருந்து கசியும் அந்த மின்சாரமும் பாட்டு ஒயர் வழியாகவே இறங்கப் பார்க்கும்.

எல்லாப் பெட்டிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டிப் பாருங்கள். போகவில்லை என்றால் ஆப்டிகல் கேபிள். அதில் எண்கள் வெளிச்சமாகப் போகின்றன. வெளிச்சத்தோடு மின்சாரம் போக முடியாது, வளையம் அறுந்துவிடும். தனி ஒலிமாற்றி வாங்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. சிலர் எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்வார்கள். முனகல் நிற்கும்தான். உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போய்ப் பெட்டியின் உடம்பைத் தொட்டால், அதைத் தொடுகிறவர் உயிரும் நிற்கும். கூடவே கூடாது.

ஸ்ட்ரீமரில் பார்க்க வேண்டியது

ஒலிமாற்றிகள் ஏறக்குறைய எல்லாமே தேறிவிட்ட நிலையில், தேர்வு என்பது ஸ்ட்ரீமரில்தான் மிச்சம். அங்கே ஒலியைவிடப் புழக்கம் முக்கியம். நீங்கள் சந்தா கட்டும் சேவை அந்தப் பெட்டிக்குள் நேரடியாக ஓடுமா என்று முதலில் கேளுங்கள். ஆப்பிள் மியூசிக் பல ஸ்ட்ரீமர்களில் நேரடியாக ஓடாது. போனிலிருந்து தள்ளிவிட வேண்டியிருக்கும்.

அடுத்தது பெட்டியின் ஆயுள். கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015-ல் வந்தது, மலிவு, அருமை. 2019-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள். வாங்கியவர்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2025 மார்ச்சில் உள்ளே இருந்த ஒரு சான்றிதழின் தேதி முடிந்து, உலகம் முழுவதும் அவை ஒரே நேரத்தில் முடங்கின. கூகுள் மென்பொருளைத் திருத்தி அனுப்பிய பிறகே மீண்டன. ஸ்ட்ரீமர் என்பது மென்பொருள், அது கிழடாகும். ஒலிமாற்றிக்கு அந்த நோய் கிடையாது. எனவே ஸ்ட்ரீமரை மலிவாக, மாற்றத் தயங்காத விலையில் வாங்குவதே புத்திசாலித்தனம். கை வேலையில் ஆர்வமுள்ளவர்கள் ராஸ்பெர்ரி பை பலகையில் வால்யூமியோ, மூட் போன்ற மென்பொருளை ஏற்றித் தாங்களே ஒன்றைச் செய்துகொள்ளலாம்.

கடைக்குப் போகும்போது பென் டிரைவில் ஒரு கச்சேரியைப் பதிந்து எடுத்துப் போங்கள். ராகம், தானம், பல்லவி என்று தனித்தனிக் கோப்புகளாக வெட்டியது இருந்தால் உத்தமம். ராகம் முடிந்து தானம் தொடங்கும் இடத்தை ஓட்டச் சொல்லுங்கள். சில பெட்டிகள் ஒரு கோப்பை மூடி அடுத்ததைத் திறப்பதற்குள் அரை நொடி மௌனம் விடும். தம்புரா திடீரென்று அறுந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். மேற்கத்திய மூன்று நிமிடப் பாட்டுகளை வைத்துச் சோதித்தவர்களுக்கு இது பிடிபடாது. பிறகு கரகரப்ரியா என்று தேடச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் அதை எழுத எத்தனை ‘எச்’ என்பதில் இரண்டு கம்பெனிகள் ஒத்துப்போனதில்லை. தமிழில் தட்டினால் எடுத்துக் கொடுக்கிறதா, ராகப் பெயரால் தேட வழியிருக்கிறதா, அல்லது ‘பாடகர், ஆல்பம்’ என்ற இரண்டு கதவுகளோடு நிறுத்திக்கொள்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.